குடத்துக் கெண்டை

பிசான நெல் அறுப்பு முடிந்து, குளத்து நீர் மடைக்குக் கீழே இறங்கிவிட்ட ஒரு பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. திருநெல்வேலிப் பக்கத்து முக்கூடலுக்கு மேற்கே உள்ள ஒரு குளத்தில் விராலுக்குத் தூண்டில் போடுவதற்காகப் பெரியப்பாவும் நானும் விடிவதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தோம். 6 மணிக்குள் கொசுவலைத் துணியை விரித்து 40 கெண்டைகளைப் பிடித்து, வீட்டிலிருந்து கொண்டுபோயிருந்த 20 லிட்டர் பெயிண்ட் வாளியில் விட்டேன். அவ்வளவு இரை கையில் இருப்பதால் அன்று முழுவதும் கவலை இல்லை என்று நினைத்தேன். 8 மணிக்கு எல்லாக் கெண்டைகளும் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடத் தொடங்கின. 9 மணிக்கு எண்ணிப் பார்த்தபோது 33 கெண்டைகள் வயிற்றைக் காட்டி மிதந்தன. மீதி ஏழும் சாய்ந்து சாய்ந்து நீந்தின. பத்தடி தள்ளி, மருத மரத்து நிழலில் பெரியப்பா வைத்திருந்த மண்குடத்தில் 8 கெண்டைகள் மட்டுமே இருந்தன. நண்பகல் வரையிலும் அவற்றில் ஒன்றுகூடச் சாகவில்லை. பெரியப்பா என் வாளிக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, “ஏலே, நீ மீனப் பிடிக்கலல, தண்ணியக் கெடுத்து வச்சிருக்க” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தை விளங்கிக்கொள்ள எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. இரை மீன் எப்போது சாகிறது என்று கேட்டால், மிதக்கும் நேரத்தையே எல்லோரும் சொல்வோம். உண்மையில் அந்தச் சாவு ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு முன்பே, எத்தனை மீனை எடுத்தோம், எப்படித் தொட்டோம், எந்த நீரில் விட்டோம் என்பதிலேயே முடிவாகிவிடுகிறது. மிதந்த பிறகு ஓடிப்போய் நீரை மாற்றுவதால் பெரும்பாலும் பயன் இருப்பதில்லை. தூண்டில் போடப் போகும் தம்பிமார் பலர் என்னிடம் இதைப் பற்றிக் கேட்டிருப்பதால், தெரிந்ததை விரிவாகவே எழுதிவைக்கிறேன்.

முதலில் சூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீர் சூடாகச் சூடாக அதில் கரைந்து நிற்கக்கூடிய ஆக்சிஜனின் அளவு குறைந்துகொண்டே போகும். 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 8.2 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைத்திருக்க முடியும். 30 டிகிரியில் அது 7.5 மில்லிகிராமாகவும், 35 டிகிரியில் 7 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாகவும் இறங்கிவிடும். இந்த வேறுபாடு சிறிதாகத்தான் தோன்றும். ஆனால், மீன் குளிர் இரத்தப் பிராணி. சுற்றியுள்ள நீர் சூடானால் அதன் உடலும் சூடாகி, மூச்சின் தேவை கூடிவிடும். நீரின் சூடு 10 டிகிரி ஏறினால் மீனுக்கு வேண்டிய ஆக்சிஜன் ஏறத்தாழ இரட்டிப்பாகும். இருப்பு குறையும் அதே வேளையில் செலவு இரண்டு மடங்காகிறது. அன்று என் வாளி கருநிறப் பிளாஸ்டிக். வெயில் நேராக அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது. பெரியப்பா கையை விட்டுப் பார்த்தபோது அந்த நீர் குழந்தையைக் குளிப்பாட்டும் நீரைப் போல வெதுவெதுப்பாக இருந்திருக்க வேண்டும்.

அடுத்தது கழிவு. மீன் தன் உடலில் உண்டாகும் அம்மோனியாவைப் பெரும்பாலும் செவுள் வழியாகவே வெளியே விடுகிறது. ஓடும் ஆற்றிலும் பரந்த குளத்திலும் அது கலைந்து போய்விடும். 20 லிட்டர் வாளியில் அதற்குப் போக்கிடம் கிடையாது. நீரின் சூடும் காரத்தன்மையும் கூடக் கூட, அதே அம்மோனியா மேலும் கொடிய நஞ்சாக மாறுகிறது. வாளியின் ஓரத்தில் சோப்பு நுரையைப் போல வெண்ணுரை கட்டி உடையாமல் நின்றால், மீனின் வழுவழுப்பும் கழிவும் நீரில் மிகுந்துவிட்டன என்று பொருள். மீன் மேலே வந்து வாய் பிளப்பதற்கு முன்பே இந்த நுரை தோன்றிவிடும் என்பதால், நான் மீனைப் பார்ப்பதைவிட வாளியின் ஓரத்தையே அடிக்கடி பார்க்கிறேன்.

இனிப் பெரியப்பாவின் குடத்துக்கு வருகிறேன். மண்குடம் வியர்க்கும் என்பதையும், அந்த ஈரம் காற்றில் உலரும்போது உள்ளிருக்கும் நீர் குளிரும் என்பதையும் எல்லோரும் அறிவோம். நான் நெடுநாள் கவனிக்காமல் விட்டது வேறொன்று. அவர் குடத்தைக் கழுத்து வரை ஒருபோதும் நிரப்பியதில்லை. குடத்தின் வயிறு எந்த இடத்தில் மிக அகலமாக இருக்கிறதோ, அந்த இடம் வரைக்கும்தான் நீர் ஊற்றுவார். கழுத்து வரை நிரப்பினால் காற்றோடு உரசும் நீர்ப்பரப்பு ஒரு சாண் வட்டமாகச் சுருங்கிவிடும். வயிற்றளவில் நிறுத்தினால் அந்தப் பரப்பு பல மடங்கு விரியும். ஆக்சிஜன் நீருக்குள் இறங்குவது அந்தப் பரப்பின் வழியாகத்தான். நீர் கூடினால் மீனுக்கு நல்லது என்று நாம் விளிம்பு வரை ஊற்றுகிறோம். வாய் குறுகிய பாத்திரத்தில் அதுவே மீனின் மூச்சை அடைக்கிறது. குடத்தை அவர் ஈர மணலில் அரையடி ஆழம் புதைத்து, வாயின்மேல் நனைத்த துண்டு ஒன்றைத் தளர்வாகப் போட்டுவைப்பார். மீன் துள்ளி வெளியே விழாது, வெயிலும் உள்ளே இறங்காது.

மண்குடத்தின் குளிர்ச்சி காற்றைப் பொறுத்தது. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றுக்குக் குடத்து நீர் சில்லென்று ஆகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை ஈரம் நிறைந்த காற்றில் குடம் வியர்த்தாலும் உலராது. ஆனால் அந்த மாதங்களில் குளத்து நீரே குளிர்ந்திருப்பதால் குறை தெரிவதில்லை. இருசக்கர வண்டியில் நெடுந்தூரம் போகிறவர்களுக்குக் குடம் ஒத்துவராது. அவர்களுக்கு வெள்ளை அல்லது வெளிர்நிற வாளியும், அதைச் சுற்றிக் கட்டிய ஈரச் சாக்கும் போதும். புதிய தகர வாளியும் செம்புப் பாத்திரமும் மட்டும் வேண்டாம். தகரத்தின் மேலுள்ள துத்தநாகப் பூச்சும் செம்பும் நீரில் சிறிதளவு கரைந்தாலே மீனின் செவுள் கெட்டுவிடும். தாமிரபரணி நீரைப் போன்று உப்பும் சுண்ணாம்பும் குறைந்த மென்னீரில் இந்தக் கேடு இன்னும் கூடுதலாகும்.

எத்தனை மீன் என்ற கேள்விக்கு என் கணக்கு மிகக் கஞ்சத்தனமானது: விரல் நீளக் கெண்டையாக இருந்தால் 10 லிட்டர் நீருக்கு 6, மிஞ்சினால் 8. கோடையில் 5. ஒரு காலைப் பொழுதில் விராலுக்கு இதைவிட அதிக இரை வேண்டியிருந்ததாக எனக்கு நினைவில்லை. குறைந்துபோனால் மறுபடி பிடித்துக்கொள்ளலாம். குளம் அங்கேதான் இருக்கிறது. எண்ணிக்கையைக் குறைப்பதற்கு ஈடான மருந்தோ கருவியோ எதுவும் இல்லை என்பதை நான் உறுதியாகச் சொல்வேன்.

எல்லா இரை மீனும் ஒன்றல்ல. மழைக்காலத்தில் குளம் நிறைந்து மறுகால் பாயும்போது, அந்தப் பாய்ச்சலை எதிர்த்து ஏறும் பொடிக்கெண்டைகள் வெள்ளிக்காசைப் போல மின்னும். அவற்றைப் பிடிப்பதும் எளிது. பார்ப்பதற்கு அவைதான் குளத்திலேயே வலுவான மீன்கள் என்று தோன்றும். ஆனால் வாளியில் முதலில் சாவதும் அவையே. விழுந்து நுரைத்து ஓடும் நீரில் ஆக்சிஜன் குறைவதே இல்லை. அந்த நீருக்குப் பழகிய உடம்பு, அசையாத நீரில் அரை மணி நேரம்கூடத் தாங்குவதில்லை. அதே குளத்தின் உட்பகுதியில், அல்லிக்கொடிக்கு இடையே வளர்ந்த கெண்டை சற்று மங்கலாக இருந்தாலும் வாளியைத் தாங்கும். சேற்றடியில் கிடக்கும் அயிரை இன்னும் நன்றாகத் தாங்கும். மறுகாலில் பிடித்த மீனை நான் இப்போதெல்லாம் பிடித்த இடத்திலேயே, பிடித்த உடனேயே தூண்டிலில் போடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

குறவைக் குஞ்சையும் பனையேறிக் கெண்டையையும் வைத்திருப்பவர்கள் வேறு விதமாகச் சிந்திக்க வேண்டும். இவை செவுளால் மட்டும் மூச்சு விடுவதில்லை. மேலே வந்து காற்றை வாயால் வாங்கி, தலைக்குள் இருக்கும் தனி அறையில் அடக்கி மூச்சாக்கிக்கொள்பவை. நீரில் ஆக்சிஜன் குறைந்தாலும் பிழைத்துவிடும் இம்மீன்கள், மேலே வர வழியில்லாமல் போனால் நீருக்குள்ளேயே மூச்சுத் திணறி இறந்துபோகும். வாளியை மூடி வரை நிரப்பி இறுக்கி மூடிக் கொண்டுபோய், குறவை ஏன் செத்தது என்று வியந்தவரை நான் பார்த்திருக்கிறேன். மூடிக்கும் நீருக்கும் இடையே குறைந்தது நான்கு விரல் இடைவெளி இருக்க வேண்டும். மூடியில் துளைகளும் வேண்டும்.

பிடிக்கும் விதத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பெரும்பாலான சாவு இங்கேதான் தொடங்குகிறது. மீனின் உடம்பின் மேல் இருக்கும் வழுவழுப்பு வெறும் அழுக்கன்று. அதுவே அதன் தோலுக்கு மேல் தோல். உலர்ந்த கையால் பிடித்தாலும், முரட்டு முடிச்சுகள் உள்ள வலையில் அள்ளி மணலில் கொட்டினாலும், அந்த வழுவழுப்பும் இரண்டொரு செதிலும் போய்விடும். நன்னீர் மீனின் இரத்தத்தில் உள்ள உப்பு, சுற்றியுள்ள நீரில் உள்ளதைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே தோலில் எங்கெல்லாம் காப்பு உரிகிறதோ, அங்கெல்லாம் நீர் உள்ளே இறங்கிக்கொண்டும் உப்பு வெளியேறிக்கொண்டும் இருக்கும். அந்த மீன் உள்ளுக்குள்ளே நீர் கோத்து, சில மணி நேரத்தில் துவண்டுவிடும். நம் கண்ணுக்கு அது “காரணமே இல்லாமல்” செத்ததாகத் தெரியும்.

பெரியப்பா மீனைக் கையால் தொட்டதே இல்லை. கொசுவலைத் துணியின் நான்கு மூலைகளையும் நீருக்குள்ளேயே மெல்லத் தூக்கி, நடுவே சிறு குட்டையாக நீர் தேங்கும்படி பிடித்துக்கொள்வார். பிறகு இடுப்பில் செருகியிருக்கும் சிரட்டையை எடுப்பார். நன்றாகத் தேய்த்து உட்புறம் கண்ணாடி போல வழவழப்பாக்கிய முற்றிய தேங்காயின் சிரட்டை அது. பல ஆண்டுப் புழக்கத்தில் கறுத்துப் போயிருந்தது. அதைக் கெண்டையின் தலைக்கு முன்னால் சாய்த்துப் பிடிப்பார், வாலுக்குப் பின்னால் இன்னொரு கையின் ஒரு விரலை மட்டும் அசைப்பார். மீன் தானாகவே சிரட்டைக்குள் போகும். அப்படியே நீரோடு தூக்கி, குடத்து நீருக்குள் சிரட்டையை முக்கிக் கவிழ்ப்பார். மீன் ஒரு நொடியும் காற்றைப் பார்த்திருக்காது. ஒரு கெண்டைக்கு அரை நிமிடம் ஆகும். நான் 40 கெண்டைகளை அள்ளிய நேரத்தில் அவர் எட்டைத்தான் எடுத்திருந்தார். அந்தச் சிரட்டை இப்போது என்னிடம் இருக்கிறது.

நீர் எங்கிருந்து எடுக்க வேண்டும் என்பதில் எனக்கு ஒரே விதிதான்: மீன் எந்த நீரில் பிறந்து வளர்ந்ததோ, அதே நீர். வீட்டிலிருந்தே வாளியில் நீர் நிரப்பிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. குழாய் நீர் தாமிரபரணித் தண்ணீர்தானே என்று அவர்கள் சொல்வார்கள். ஆற்று நீர்தான், ஆனால் அதில் குளோரின் கலந்திருக்கிறது. நாம் குடிக்கும்போது மணம் மட்டுமே தெரிகிற அந்த அளவே மீனின் செவுளைப் பொசுக்கிவிடும். வேறு வழியில்லை என்றால், அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் முழுவதும் திறந்து வைக்க வேண்டும்; அல்லது வண்ணமீன் கடைகளில் கிடைக்கும் சோடியம் தயோசல்பேட் கரைசலைச் சொன்ன அளவில் விட வேண்டும். நாங்குநேரி, இராதாபுரம், திசையன்விளைப் பக்கத்து நண்பர்கள் ஆழ்துளைக் கிணற்று நீரையே நம்பியிருக்கிறார்கள். அதில் குளோரின் இல்லை என்பது உண்மை; ஆனால் பூமிக்கடியிலிருந்து வரும் நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாகவும் கரியமில வாயு மிகுதியாகவும் இருக்கக்கூடும். பார்க்கப் பளிங்கு போல இருக்கும் அந்த நீரில் விட்ட மீன் சிறிது நேரத்தில் மேலே வந்து வாய் பிளந்தால் வியப்பில்லை. ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு, தேநீர் ஆற்றுவதைப் போல உயரத் தூக்கிப் பல முறை ஆற்றி, இரவு முழுவதும் வைத்திருந்து பயன்படுத்தலாம்.

நீர் கெட்டுவிட்டது என்று தெரிந்ததும் வாளியைக் கவிழ்த்துப் புது நீர் ஊற்றுவது, அன்று நான் செய்த இரண்டாவது தவறு. மீதியிருந்த ஏழு கெண்டைகளையும் அதுதான் கொன்றது. வெதுவெதுப்பான நீரில் தத்தளித்துக்கொண்டிருந்த மீனைத் திடீரென்று மரத்து நிழலடி நீரில் தள்ளினால் அதன் உடம்பு தாங்காது. “தண்ணிய மாத்தாதல, தண்ணியப் பழக்கு” என்று பெரியப்பா சொன்னது இதற்காகத்தான். நான்கில் ஒரு பங்கு நீரை இறைத்துவிட்டு அதே அளவு புது நீரை மெல்ல ஊற்ற வேண்டும். கால் மணி நேரம் பொறுத்து மறுபடி அதையே செய்ய வேண்டும். நுரை கட்டும் வரை காத்திராமல், முக்கால் மணிக்கு ஒரு முறை இப்படிச் செய்துகொண்டே இருந்தால் நீர் கெடுவதற்கு இடமே இல்லை. கோடையில் பனிக்கட்டி போடுகிறவர்களும் இதையே நினைவில் வைக்க வேண்டும். குழாய் நீரில் செய்த பனிக்கட்டியை நேரே வாளியில் போட்டால், அது உருகும்போது குளோரினும் சேர்ந்தே இறங்கும். அரை லிட்டர் பாட்டிலில் நீரை உறைய வைத்து, மூடியோடு மிதக்க விட்டு, நீர் கைக்கு இதமாகக் குளிர்ந்ததும் எடுத்துவிட வேண்டும்.

உப்பைப் பற்றிப் பலர் நம்புவதில்லை. 10 லிட்டர் நீருக்கு 30 கிராம் கல்லுப்பு, அதாவது லிட்டருக்கு 3 கிராம், நன்னீர் மீனுக்குத் தீங்கு செய்யாது. அடிபட்ட மீனுக்கு ஆறுதலாகவே இருக்கும். முன்பு சொன்னபடி, தோல் உரிந்த மீன் தன் உப்பை இழந்துகொண்டிருக்கிறது. வெளிநீரில் சிறிது உப்பு இருந்தால் அந்த இழப்பு மெதுவாகிறது. அயோடின் கலந்த தூள் உப்பைத் தவிர்த்து, தூத்துக்குடி உப்பளத்துக் கல்லுப்பைத் தனியாகக் கரைத்து, அந்தக் கரைசலை வாளியின் ஓரமாக ஊற்றுவேன்.

நீருக்குள் காற்றைச் செலுத்தும், பேட்டரியில் ஓடும் ஏரேட்டர்கள் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன; நானும் ஒன்று வைத்திருக்கிறேன். அதன் காற்றுக் கல்லிலிருந்து கிளம்பும் குமிழிகள் எவ்வளவு சிறியவையோ அவ்வளவு நல்லது. பெரிய குமிழி மளமளவென்று மேலே போய் உடைந்துவிடும். பொடிக் குமிழி மெல்ல ஏறுவதால் நீரோடு உரச நேரம் கிடைக்கும். ஆனால் ஏரேட்டர் அம்மோனியாவை எடுத்துவிடாது, சூட்டையும் தணிக்காது. கருவி ஓடுகிறதே என்ற துணிவில் 30 மீனை அடைப்பவர்கள், பேட்டரி தீர்ந்த கால் மணி நேரத்தில் எல்லாவற்றையும் இழக்கிறார்கள்.

மீனைக் கொண்டுபோகும் விதத்தில், மீன் குஞ்சு வியாபாரம் செய்பவர்களிடம் நாம் கற்க வேண்டியது நிறைய உண்டு. மணிமுத்தாற்றில் அரசு மீன் பண்ணை இருப்பதால் இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அந்தத் தொழில் புதியதன்று. குஞ்சுகளை வண்டியேற்றுவதற்கு முன் ஒரு நாள் இரை கொடுக்காமல் வைத்திருப்பார்கள். வயிறு காலியான மீன் வழியில் கழிவைக் குறைவாகவே விடும், அதன் மூச்சுத் தேவையும் குறையும். பிறகு பாலித்தீன் பையில் மூன்றில் ஒரு பங்கு நீரும் இரண்டு பங்கு ஆக்சிஜனும் நிரப்பிக் கட்டுவார்கள். நம்மிடம் ஆக்சிஜன் உருளை இல்லாவிட்டாலும், முதல் பாடத்தைப் பின்பற்றத் தடையில்லை. வீட்டுத் தொட்டியில் இரை மீன் வைத்திருப்பவர்கள், தூண்டிலுக்குப் போவதற்கு முந்தைய நாள் தவிடும் புண்ணாக்கும் போடாமல் நிறுத்திவிட வேண்டும். தொட்டி புதிதாகக் கட்டிய சிமெண்ட் தொட்டியாக இருந்தால், சுண்ணாம்புக் காரம் இறங்கும் வரை பல முறை நீர் நிரப்பி வடித்த பிறகே மீனை விட வேண்டும்.

குளத்திலேயே இரையைக் கட்டி வைப்பதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது என்று நான் நெடுநாள் நம்பினேன். துளையிட்ட மூடி வாளியையோ நைலான் வலைப்பையையோ நீருக்குள் இறக்கி ஒரு கம்பில் கட்டிவிட்டால் சூடும் இல்லை, கழிவும் இல்லை. பகலில் இது முற்றிலும் சரி. ஒரு முறை, மறுநாள் விடியலுக்கு வேண்டுமென்று 12 கெண்டைகளை ஒரு பையிலும் 12 கெண்டைகளை இன்னொரு பையிலும் இட்டு, முதற்பையை அல்லியும் பாசியும் அடர்ந்த மூலையில் ஒளித்துவைத்தேன். இடம் போதாமல் இரண்டாவதை மடை வாயருகே, நீர் மெல்ல இழுத்துக்கொண்டிருந்த இடத்தில் கட்டினேன். விடியற்காலை 5 மணிக்குப் போய்ப் பார்த்தபோது அல்லிக்குள் இருந்த பன்னிரண்டும் செத்துக் கிடந்தன; மடையருகே ஒன்றுகூடச் சாகவில்லை. நீர்த்தாவரங்கள் பகல் வெளிச்சத்தில் ஆக்சிஜனை நீருக்குக் கொடுக்கின்றன. இருட்டிய பிறகு அவையும் மீனைப் போலவே அதை எடுத்துக்கொள்கின்றன. செடி அடர்ந்த குளத்தில் ஆக்சிஜன் மிகக் குறைந்திருக்கும் வேளை, சூரியன் எழுவதற்குச் சற்று முந்தைய வேளைதான். கட்டற்ற மீன் அந்த நேரத்தில் திறந்த நீருக்கு நகர்ந்துவிடும். நான் கட்டிவைத்த மீனுக்கு அந்த வழி இல்லை. அந்தக் காலையின் காட்சி எனக்கு இன்னும் வருத்தமாகவே இருக்கிறது.

முள்ளில் கோக்கும் விதமும் நலத்தைச் சேர்ந்ததே. ஓடுநீரிலும் ஆற்றின் ஆழமான கசத்திலும் வாளைக்குப் போடும்போது மேலுதட்டில் மட்டும் முள்ளைக் கோத்தால், இழுவையில் மீன் முன்னோக்கியே நீந்தும், செவுளுக்குள் நீர் சீராகப் போகும். குளத்தில் தக்கை கட்டி அசையாமல் விடும்போது, முதுகுச் செட்டைக்குச் சற்று முன்னால், தோலுக்கும் மேற்சதைக்கும் இடையே மட்டும் முள் போக வேண்டும். அதற்குக் கீழே முதுகெலும்பு இருக்கிறது. அதைத் தொட்டுவிட்டால் மீன் வளைந்து போய் உடனே அடங்கிவிடும். கம்பி மெலிந்த முள்ளாக இருப்பதும், கோக்கும் கை நனைந்திருப்பதும் முக்கியம். எறியும்போது வீசி அடிக்காமல், கழியை முன்னே நீட்டி நீரில் இறக்கிவிடுவதே முறை.

எந்த மீனை இரையாக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தாமிரபரணியில் மட்டுமே வாழும் ஒரு கெண்டை உண்டு. உடம்பில் பெரிய கரும்புள்ளிகளும், வளர்ந்த ஆணுக்கு முதுகுச் செட்டையில் நூல் நூலாக நீண்ட இழைகளும் இருக்கும். 1954ஆம் ஆண்டில் இ. ஜி. சைலஸ் என்ற மீனியல் அறிஞர் அதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தி, நம் ஆற்றின் பெயரையே அதற்குச் சூட்டினார்; இன்று அதன் பெயர் டாக்கின்சியா தாம்பரபர்ணியை. அழியும் அபாயத்தில் உள்ள இனமாக அது பட்டியலிடப்பட்டிருக்கிறது. வலைத்துணியில் அப்படி ஒன்று வந்தால் சிரட்டையால் எடுத்து அங்கேயே விட்டுவிடுங்கள். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் மீன் பிடிப்பதே சட்டப்படி குற்றம். வெளியே உள்ள குளங்களிலும் மீன்பாசிக் குத்தகை (மீன் பிடிக்கும் உரிமை) எடுத்தவரிடம் கேட்டுக்கொண்டுதான் தூண்டில் போட வேண்டும். ஜிலேபிக் கெண்டை வாளியில் நன்றாகத் தாங்கும் என்பதற்காக ஒரு குளத்திலிருந்து இன்னொரு குளத்துக்கு அதைக் கொண்டுபோவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். இரையாகப் போன ஒரு சோடி தப்பிவிட்டாலே போதும். அந்தக் குளத்து நாட்டுக் கெண்டைகளின் இடத்தை அவற்றின் குஞ்சுகள் பிடித்துக்கொள்ளும்.

மீந்துபோன இரையையும் அதனால்தான் பிடித்த குளத்தைத் தவிர வேறெங்கும் விடுவதில்லை. வெயில் தாழ்ந்து கிளம்பும்போது, குடத்தைக் குளத்து நீரில் பாதி முங்கும்படி சாய்த்து வைத்து, உள்நீரும் வெளிநீரும் கலக்கும் வரை தூண்டில் நரம்பைச் சுற்றிக்கொண்டிருப்பேன். ஐந்து நிமிடத்தில் முதல் கெண்டை குடத்தின் வாய்க்கு வந்து எட்டிப் பார்க்கும். அது போனதும் மற்றவையும் போய்விடும். உப்பு போட்டிருந்த நாளில், பழக்கிக் கலக்க இன்னும் சற்று நேரம் கொடுப்பேன். கடைசியாகப் போன கார்த்திகையில் 6 எடுத்தேன். 2 தூண்டிலுக்குப் போயின, 4 திரும்பிப் போயின. குடத்தைக் கழுவிக் கவிழ்த்து, சிரட்டையை அதன் மேல் வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.